மன்னிக்கும் உரிமை யாருடையது?
மிஷ்கினின் திரைப்படங்களைக் குறித்து ஓர் இறையியல் நோக்கு

1. நாஞ்சில் நாட்டுப் பேய்கள்

நாஞ்சில் நாட்டில் பூதப்பாண்டியில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு முதலில் படுவது தாடகைமலை. ஒரு பெண் மல்லாந்து கிடப்பது போன்ற அதன் வடிவத்தைக் கண்ட மக்கள், இராமன் அம்புக்கு இரையான அரக்கியின் பெயரையே அதற்கு இட்டனர். ஊரின் கோயிலில் உறைபவர் பூதலிங்கசுவாமி. கிழக்கே ஆரல்வாய்மொழியைக் கடந்தால் முப்பந்தலில் இசக்கியம்மன் கோயில் கொண்டிருக்கிறாள். கொல்லப்பட்ட பெண்ணும் பூதமும் பேயும் இவ்வட்டாரத்து மக்களுக்குக் கட்டுக்கதைகள் அல்ல. அவர்கள் நாள்தோறும் காணும் நிலத்தின் பெயர்கள் அவை.

இவ்வட்டாரத்துக் கொடைவிழாக்களில் பாடப்படும் வில்லுப்பாட்டுக் கதைகளை அமெரிக்க அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் ஆராய்ந்து 1988-இல் நூலாக வெளியிட்டார். தெய்வப் பிறவிகளின் கதைகள் ஒருவகை. மனிதராய்ப் பிறந்து அநியாயமாய் இறந்தவர்களின் கதைகள் மற்றொரு வகை. பின்னவர்களை மக்கள் வெட்டுப்பட்ட வாதைகள் என்பர். இசக்கியின் கதை இவ்வகையில் தலையாயது. காதலித்தவனை நம்பி அவன் மடியில் தலைவைத்து உறங்கிய பெண்ணை அவன் நகைக்காகக் கல்லால் அடித்துக் கொல்கிறான். அவள் நீலியாகப் பிறந்து, வணிகனாகப் பிறந்த அவனைத் தேடிப் பழையனூர் வரை போகிறாள். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவனே தன் கணவன் என்று ஊரார் முன் வழக்குரைக்கிறாள். அவன் உயிருக்குத் தாங்கள் பிணை என்று எழுபது வேளாளர் வாக்களிக்கின்றனர். அவள் அவனைக் கொன்றுவிட, எழுபதின்மரும் வாக்குத் தவறாதபடி தீயில் இறங்குகின்றனர். கொலை கேட்பாரற்றுப் போயிற்று. ஆகவே கொலையுண்டவளே வந்து கேட்டாள். இதுவே கதையின் உட்பொருள்.

நம் மிஷனெரி முன்னோர் இக்கதைகளை அறியாதவர்கள் அல்லர். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, 1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வமிசாவளியை எழுதியபோது கிராம தேவதைகளுக்கும் பேய்களுக்கும் அதில் இடம் கொடுத்தார். 1849-இல் வெளிவந்த தம் நூலில் கால்டுவெல், இப்பேய்களுள் பெரும்பாலானவை கொடிய சாவுக்கு ஆளானோரின் ஆவிகள் என்று மக்கள் நம்பியதைத் தெளிவாகக் குறித்தார். ஆயினும் அச்செய்தியிலிருந்து அவர் கண்டது மக்களின் அச்சத்தையே. அநியாயமாய்ச் செத்தவர்களுக்கு நியாயம் வேண்டும் என்னும் ஏக்கம் அவ்வழிபாட்டின் அடியில் கிடந்ததை அவர் காணவில்லை. பேயை விரட்டக் கற்றுக்கொண்ட நம் சபை, பேயின் வழக்கைக் கேட்கக் கற்றுக்கொள்ளவில்லை எனலாம்.

தமிழ்த் திரைப்படம் அந்த வழக்கைக் கேட்டது. ஆனால் தன் வாணிபத்திற்கேற்பவே கேட்டது. 2011-இல் வந்த ராகவா லாரன்ஸின் ‘காஞ்சனா’வில், நிலத்தைப் பறிகொடுத்துக் கொலையுண்ட ஒரு திருநங்கை கதாநாயகனின் உடலில் ஏறிப் பழிதீர்க்கிறாள். 2014-இல் வந்த சுந்தர் சி.யின் ‘அரண்மனை’யிலும் கொலையுண்ட பெண்ணே பேயாக மீள்கிறாள். நகைச்சுவையும் ஆட்டமும் கலந்த இப்படங்களின் எலும்புக்கூடு இசக்கியின் கதையே. ‘அரண்மனை’ வந்த அதே ஆண்டின் டிசம்பர் மாதத்தில், அவ்வெலும்புக்கூட்டையே முறித்துப்போட்ட ஒரு பேய்ப்படம் வெளிவந்தது. அது மிஷ்கினின் ‘பிசாசு’. அப்படத்தையும், அதற்கு முன்னும் பின்னும் அவர் எடுத்த சில படங்களையும் ஒரே கேள்வியின் ஒளியில் நோக்குவது இக்கட்டுரையின் கருத்து. கொலையை மன்னிக்கும் உரிமை யாருடையது என்பதே அக்கேள்வி.

2. பெயரும் பாதையும்

சண்முகராஜா என்னும் இயற்பெயருடைய இவ்வியக்குநர், தஸ்தயேவ்ஸ்கி 1868-69-இல் எழுதிய நாவலின் நாயகனிடமிருந்து தம் பெயரை எடுத்துக்கொண்டார். அந்நாவலை எம்.ஏ. சுசீலா ‘அசடன்’ என்னும் பெயரில் தமிழாக்கியிருக்கிறார். முழுமையாக நல்லவனான ஒரு மனிதனைப் படைக்க விரும்பிய தஸ்தயேவ்ஸ்கி, கிறிஸ்துவை மனத்தில் வைத்தே இளவரசன் மிஷ்கினைப் படைத்தார் என்பது அறிந்ததே. நாவலின் முடிவை இங்கு நினைவுகூர்வது தகும். இருண்ட அறையில் நஸ்தாஸ்யா கொலையுண்டு கிடக்கிறாள். கொன்ற ரகோஷினின் அருகில் மிஷ்கின் அமர்ந்து, காய்ச்சலில் பிதற்றும் அவனுடைய தலையையும் கன்னத்தையும் விடியும்வரை தடவிக்கொடுக்கிறான். கொலையாளிக்கும் இரக்கம் உண்டு என்பதை இதனினும் ஆழமாய்ச் சொன்ன எழுத்து அரிது. ஆனால் அந்த அறையில் மூன்றாவதாக ஒருத்தி இருக்கிறாள். துணியால் மூடப்பட்டுக் கிடக்கும் அவள் சார்பில் அங்கு ஒருவரும் பேசுவதில்லை.

நம் இயக்குநர் தம் பணிவாழ்வில் பலமுறை அந்த அறைக்கே திரும்பிச் செல்கிறார் என்பது நம் கருத்து. ஒவ்வொரு முறையும் மூன்று பேரில் யாருக்குப் பேச்சைக் கொடுக்கிறார் என்பதைப் பொறுத்தே அவருடைய படங்கள் வேறுபடுகின்றன.

‘சித்திரம் பேசுதடி’ (2006), ‘அஞ்சாதே’ (2008) ஆகியவற்றால் அவர் பெயர் பெற்றார். ஜப்பானிய இயக்குநர் தகேஷி கிடானோவின் 1999-ஆம் ஆண்டுப் படத்தைத் தழுவிய ‘நந்தலாலா’வில் (2010) தாமே நடித்தார். ‘யுத்தம் செய்’ (2011) அவருடைய முதல் திகில் முயற்சி எனத் தகும். வெட்டப்பட்ட கைகள் அட்டைப்பெட்டிகளில் பொதுவிடங்களில் கிடைக்கின்றன. துப்பறியும் அதிகாரி தேடிச் சென்று காண்பது யாதெனில், தங்கள் மகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்காக ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெற்றோரே கத்தி எடுத்திருக்கின்றனர் என்பதாம். இங்கே நீலியின் பணியைத் தாயும் தகப்பனும் ஏற்கின்றனர். மன்னிப்பு என்னும் சொல்லுக்கு அப்படத்தில் இடமில்லை. அக்குடும்பத்தைக் கண்டு பார்ப்பவர் மனம் கசிவதே அதன் வலிமை.

‘முகமூடி’ (2012) எதிர்பார்த்த வரவேற்பைப் பெறாமற்போன பின், ‘லோன் உல்ஃப்’ என்னும் பெயரில் சொந்த நிறுவனம் தொடங்கி ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ (2013) எடுத்தார். அதில் பாட்டு இல்லை. இளையராஜாவின் பின்னணி இசை மட்டுமே உண்டு. விளம்பரத்திற்குப் பணமில்லாத நிலையில் தாமே தெருவில் இறங்கிச் சுவரொட்டி ஒட்டினார். திறனாய்வாளர் போற்றிய அப்படம் கல்லாப்பெட்டியை நிரப்பவில்லை. சுதந்திரமாய்ப் படமெடுப்பதன் விலை தமிழ்நாட்டில் எவ்வளவு என்பதற்கு இதுவே போதிய சான்று. அடுத்த படமான ‘பிசாசு’வை இயக்குநர் பாலா தயாரிக்க முன்வந்தார்.

3. ஓநாயின் கடன்

‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ ஓர் இரவுத் தெருவில் தொடங்குகிறது. குண்டடிபட்டுக் கிடக்கும் ஒருவனை ஒரு மருத்துவ மாணவன் தன் வீட்டிற்குத் தூக்கிச் சென்று அறுவை செய்து பிழைக்க வைக்கிறான். பிழைத்தவன் கூலிக்குக் கொலை செய்து வந்தவன். நல்ல சமாரியனாய் நடந்த மாணவன் காவல்துறையின் பிடியில் சிக்குகிறான். ஓடுகிறவனோ தன் உயிருக்காக ஓடவில்லை. தான் தவறுதலாகக் கொன்றுவிட்ட ஓர் இளைஞனின் பார்வையற்ற குடும்பத்தைக் காக்கவே ஓடுகிறான்.

ஓநாயும் ஆட்டுக்குட்டியும் ஒருங்கே தங்கும் ஏசாயாவின் காட்சி (11:6) நம் வாசகர் நினைவில் எழுவது இயல்பு. ஆனால் தீர்க்கதரிசி கண்ட சமாதானம் இங்கே இல்லை. இருப்பது கடன், அடைத்துத் தீராத கடன். அவன் எவரிடமும் மன்னிப்புக் கேட்டுத் தன் மனத்தை ஆற்றிக்கொள்ள முயல்வதில்லை. செய்யவேண்டியதைச் செய்கிறான். சகேயு நாலத்தனையாய்த் திரும்பக் கொடுக்க முன்வந்தான் (லூக். 19:8). உயிரை நாலத்தனையாய்த் திரும்பக் கொடுப்பது எவ்வாறு? தன்னிடம் மீந்திருக்கும் ஓர் உயிரைக் கொடுப்பதன்றி வேறு வழி ஓநாய்க்கு இல்லை. மனந்திரும்புதல் என்பதை உணர்ச்சியாக மட்டும் போதித்துப் பழகிய பிரசங்கிகளுக்கு இப்படம் ஒரு கண்டனம்.

4. குற்றஞ்சாட்டாத பிசாசு

‘பிசாசு’வின் கதை எளிது. சித்தார்த் என்னும் வயலின் கலைஞன், சாலையில் வாகனம் மோதிக் கிடக்கும் பவானி என்னும் இளம்பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்கிறான். அவள் அவன் கையைப் பற்றியவாறே இறந்துபோகிறாள். பின்னர் அவனுடைய அடுக்குமாடி வீட்டில் ஓர் ஆவி நடமாடத் தொடங்குகிறது. அவன் அஞ்சுகிறான். பேய் ஓட்டுவதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் போலியும் வந்துபோகிறாள். அவனுடைய தாய் வீட்டில் விழுந்து அடிபட்டபோது ஆவியே தள்ளிவிட்டது என எண்ணிக் கொதிக்கிறான். அவளைக் காப்பாற்றியதே ஆவிதான் என்பது பிறகு தெரிகிறது. நன்மை செய்யும் இந்த ஆவிக்கு நியாயம் தேடித்தர அவன் முற்படுகிறான். மோதிய வாகனம் எது, ஓட்டியவன் யார் என்று துருவித் துருவிச் செல்கிறான். தேடலின் முடிவில் அவன் கண்டுபிடிக்கும் குற்றவாளி அவனே.

நாத்தான் சொன்ன உவமையைக் கேட்டுக் கோபங்கொண்ட தாவீதின் நிலை இது (2 சாமு. 12:1-7). பிறருடைய குற்றத்தைத் தேடிப் புறப்பட்டவன் தன்னைக் கண்டடைகிறான். பாவ உணர்வைப் பற்றிய நம் பிரசங்கங்களில் பல, கேட்பவரின் தலையில் குற்றத்தை ஏற்றிவைத்து, உடனே அதை இறக்கிவைப்பதாகவும் வாக்களிப்பவை. இப்படத்தில் எவரும் அவனுக்குப் பாவத்தை உணர்த்தவில்லை. நன்மை அவனைத் தொடர்ந்து வந்தது. அந்த நன்மைக்கு ஈடு செய்யப் போனவன் உண்மையில் இடறி விழுந்தான். தேவனுடைய தயவே மனந்திரும்புதலுக்கு நடத்துகிறது என்ற பவுலின் கருத்துக்கு (ரோமர் 2:4) இதனை ஒரு விளக்கவுரையாகவே கொள்ளலாம்.

பவானி அதை முன்னமே அறிவாள். அறிந்தே அவனைக் காத்தாள். இவ்விடத்தில் படத்தின் பெயரைச் சற்றே ஆராயவேண்டும். நம் தமிழ் வேதாகமத்தில் பிசாசு என்னும் சொல் நிற்கும் இடங்கள் பலவற்றில் கிரேக்க மூலத்தில் ‘தியாபொலொஸ்’ என்னும் சொல் இருக்கிறது. அவதூறு பேசுபவன், குற்றஞ்சாட்டுபவன் என்பது அதன் பொருள். சகோதரர் மேல் இரவும் பகலும் குற்றஞ்சாட்டுபவன் என்று வெளிப்படுத்தின விசேஷமும் (12:10) அவனைக் குறிக்கிறது. மிஷ்கினின் ‘பிசாசு’வுக்கோ குற்றஞ்சாட்ட முழு உரிமை உண்டு, சாட்சியும் சான்றும் அவளே. அவள் குற்றஞ்சாட்டவில்லை. பெயரால் பிசாசு; செயலால் பரிந்து பேசுகிறவள். இயக்குநர் இதை எண்ணித்தான் பெயரிட்டாரா என்பது நமக்கு வேண்டுவதன்று. நம்முடைய சொல் ஒன்று தலைகீழாகத் திருப்பப்பட்டு நம்மிடமே வந்திருக்கிறது என்பது கருதத் தக்கது.

பவானியின் தந்தை பனிக்கட்டித் தொழிற்சாலை வைத்திருப்பவர். மகளை அடக்கம் செய்ய மனமின்றி, அவளுடைய உடலைப் பனிக்கட்டியில் வைத்துக் காத்து வருகிறார். ‘அசடன்’ நாவலில் ரகோஷினின் வீட்டுச் சுவரில் தொங்கும் ஹோல்பைனின் ஓவியப்படி நம் நினைவுக்கு வருகிறது. கல்லறையில் கிடக்கும் கிறிஸ்துவின் செத்த உடலை ஒரு மறைப்பும் இன்றித் தீட்டிய படம் அது. அதைப் பார்ப்பவனுக்கு விசுவாசமே போய்விடக்கூடும் என்று நாவலில் மிஷ்கின் கருதுகிறான். பனியில் உறைந்த மகளின் முன் நிற்கும் தகப்பனுக்கும் உயிர்த்தெழுதல் இல்லை, அடக்கமும் இல்லை. பெரிய வெள்ளிக்கும் ஈஸ்டருக்கும் இடையே அவர் உறைந்து நிற்கிறார். நம் அடக்க ஆராதனைகளில் அந்நிலையில் நிற்பவர்களை நோக்கி அவசர அவசரமாய் நம்பிக்கையைப் பேசிவிடும் நாம், இக்காட்சியின் முன் சற்றே மௌனமாய் நிற்பது நல்லது.

இவ்வாறு தஸ்தயேவ்ஸ்கியின் இருண்ட அறையில் துணியால் மூடப்பட்டுக் கிடந்தவள், இப்படத்தில் எழுந்து வருகிறாள். மன்னிப்பது இரக்கமுள்ள மூன்றாமவன் அல்லன், கொலையுண்டவளே மன்னிக்கிறாள். மிஷ்கினின் படங்களில் ‘பிசாசு’ உயர்ந்து நிற்பதன் காரணம் இதுவே.

ஒரு தடையும் இங்கு எழும். முப்பந்தலில் சீறி நிற்கும் இசக்கிக்குக் கோயில் உண்டு, கொடை உண்டு, ஊரார் அச்சம் உண்டு. மன்னித்த பவானிக்கோ ஒன்றுமில்லை, அவள் மறைந்துபோகிறாள். இடிபட்ட பெண் அடங்கி மன்னிக்கவேண்டும் என்று ஆண்கள் காலங்காலமாகச் சொல்லிவந்த பாடத்தைத்தான் இப்படமும் அழகுபடுத்திச் சொல்கிறதா? இத்தடையை நாம் எளிதில் தள்ளிவிடுவதற்கில்லை. ஆயினும் இரண்டு வேறுபாடுகளைக் குறிக்கலாம். அவளை மன்னிக்கும்படி எவரும் கேட்கவில்லை. ஆகவே அது அடக்கம் அன்று, அவளுடைய அதிகாரம். மேலும், அம்மன்னிப்பு உண்மையை மூடவில்லை. அவன் தன்னைக் கொலையாளி என்று அறிந்த பிறகே படம் முடிகிறது. அறியாமலே அவன் வாழ்ந்து முடிந்திருந்தால் அது மன்னிப்பாகாது, மறைப்பாகும்.

5. ‘சைக்கோ’வில் நேர்ந்த சறுக்கல்

‘துப்பறிவாளன்’ (2017) கண்டபின், 2020 ஜனவரியில் ‘சைக்கோ’ வந்தது. கோயம்புத்தூரில் பெண்கள் கடத்தப்பட்டுத் தலை துண்டிக்கப்படுகின்றனர். தாஹினி என்னும் வானொலி அறிவிப்பாளர் கடத்தப்பட, அவளைக் காதலிக்கும் பார்வையற்ற இசைக் கலைஞன் கௌதம், உடல் செயலிழந்து சக்கர நாற்காலியில் வாழும் முன்னாள் காவல் அதிகாரி ஒருத்தியின் துணையோடு தேடிச் செல்கிறான். கொலையாளிக்கு இயக்குநர் இட்ட பெயர் அங்குலிமாலன். மனித விரல்களை மாலையாக அணிந்து, பின் புத்தரிடம் சரணடைந்தவனின் பெயர் அது. இவன் சிறுவயதில் பள்ளியில் கொடுந்தண்டனையால் நசுக்கப்பட்டவன். சிறைப்பட்ட தாஹினி, இவனுக்குள் அந்த அடிபட்ட குழந்தையைக் காண்கிறாள்.

குழந்தையின் குற்றவுணர்வை ஆயுதமாக்கும் ஒழுக்கக் கல்வி என்ன செய்யும் என்று இப்படம் காட்டுவதைப் பள்ளிகள் நடத்தும் திருச்சபை கவனிக்கவேண்டும். கொலையாளியும் ஒருகாலத்தில் குழந்தை என்பதும் மறுக்கத்தக்கதன்று. எனினும், வெளிவந்தபோதே பலர் இப்படத்தைக் கொலையாளிக்குப் பரிவு தேடும் படம் என்று கண்டித்தனர். அக்கண்டனம் நியாயமானது என்றே நாம் கருதுகிறோம். பரிவு காட்டியது பிழையன்று; பரிவு காட்டியவர் யார் என்பதிலேயே பிழை. தாஹினி தனக்கு இழைத்த தீங்கை மன்னிக்கலாம். தலையிழந்த மற்றப் பெண்களின் சார்பில் மன்னிக்க அவளுக்கு யார் அதிகாரம் கொடுத்தார்? அப்பெண்களுக்கு இப்படத்தில் பெயரும் வரலாறும் அரிதாகவே கிடைக்கின்றன. உடல்களாகவே அவர்கள் நம் முன் வைக்கப்படுகின்றனர். ‘பிசாசு’வில் எழுந்து வந்தவள் மீண்டும் துணிக்குள் போய்விட்டாள். அறையில் மறுபடியும் இருவரே பேசுகின்றனர்.

இவ்வியக்குநரின் மற்றொரு குறையையும் இங்கே சொல்லிவிடலாம். பார்வையற்றோர் இவருடைய படங்களில் மாசின்மையின் அடையாளமாகவே திரும்பத் திரும்ப வருகின்றனர். ஓநாய் காக்கும் குடும்பம், ‘பிசாசு’வில் சுரங்கப்பாதையில் பாடுவோர், ‘சைக்கோ’வின் கௌதம் ஆகிய யாவரும் அவ்வாறே. அடையாளமாக்கப்பட்ட மனிதன் மனிதனாயிருப்பது கடினம். கால்களையே காட்டி நகரும் படப்பிடிப்பும் நீண்ட மௌனங்களும் முன்பு வியப்பளித்தன. பிற்காலப் படங்களில் அவை பழக்கமாக இறுகிவிட்டன.

6. திருச்சபை கற்கவேண்டியது

மேற்கூறிய படங்களைத் தொகுத்து நோக்குவோமாயின் ஒரு படிமுறை புலப்படும். ‘யுத்தம் செய்’யில் உயிரோடிருப்போர் பழிவாங்குகின்றனர். ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ படத்தில் கொன்றவன் கடனடைக்கிறான். ‘பிசாசு’வில் கொலையுண்டவள் மன்னிக்கிறாள். ‘சைக்கோ’வில் கொலையுண்டோர் பெயரால் வேறொருத்தி மன்னிக்கிறாள். முதல் மூன்றும் வழக்கை ஏற்கின்றன. நான்காவது, வழக்காடுவோர் வருமுன்னே தீர்ப்பை எழுதிவிடுகிறது.

இந்த நான்காவது தவற்றை நம் ஆயர்கள் நாள்தோறும் செய்யும் ஆபத்தில் இருக்கிறோம். கணவன் கையால் அடிபட்டு வந்தவளிடம் மன்னித்துவிடு என்று சொல்லி ஜெபித்து அனுப்புகிறோம். சாதியின் பேரால் மகனைப் பறிகொடுத்த வீட்டில், கொன்றவர்களுக்காகவும் ஜெபிப்போம் என்று மூன்றாம் நாளே சொல்லிவிடுகிறோம். சொல்லும் சொல் வேதச் சொல்லே. ஆனால் அதைச் சொல்லும் உரிமை நம்முடையதா? ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கூப்பிட்டது (ஆதி. 4:10), கர்த்தர் அதனை அடக்கவில்லை, கேட்டார். பலிபீடத்தின் கீழிருந்து கொலையுண்டவர்களின் ஆத்துமாக்கள் எத்தனை காலம் என்று முறையிட்டபோது (வெளி. 6:9-11), அது பேய்க்கூச்சல் என்று விரட்டப்படவில்லை, அவர்களுக்கு வெள்ளை அங்கி கொடுக்கப்பட்டது. இயேசுவின் இரத்தம் ஆபேலின் இரத்தத்தைக் காட்டிலும் நன்மையானதைப் பேசுகிறது என்று எபிரெயர் நிருபம் (12:24) சொல்லும்போது, ஆபேலின் குரல் பொய் என்று அது சொல்லவில்லை. மேலானதைப் பேசுவதும் இரத்தமே. அதாவது சிந்தப்பட்டவரின் குரலே. சிலுவையிலிருந்து மன்னிப்பை வேண்டியவர் (லூக். 23:34) வேடிக்கை பார்த்து நின்றவர் அல்லர், அறையப்பட்டவர். அதனாலேயே அவ்வேண்டுதலுக்கு வலிமை உண்டு.

ஆகவே திருச்சபை மன்னிப்பை அறிவிக்கும்போது, அறையப்பட்டவரின் பக்கத்தில் நின்றே அறிவிக்கமுடியும். அறையப்பட்டவர்களைத் தாண்டிச் சென்று அறைந்தவனிடம் அறிவிப்பதாயின், அது நற்செய்தி ஆகாது.

அவிசுவாசியின் வீட்டில் மட்டுமன்றி விசுவாசியின் வீட்டிலும் பேய் பிடித்தது என்று ஆயரை அழைக்க வருவது நாஞ்சில் நாட்டில் புதிதன்று. கல்லறைகளில் குடியிருந்த மனிதனிடம் ஆண்டவர் பேர் என்ன என்று கேட்டார் (மாற்கு 5:9). அழைக்கப்படும் ஆயரும் ஜெபத்தைத் தொடங்குமுன் அவ்வாறே கேட்பாராக. இவ்வீட்டில் யார் இறந்தார், எவ்வாறு இறந்தார், அவருக்காக இதுவரை யார் பேசினார் என்று விசாரிப்பாராக. பல இடங்களில் அந்த விசாரணையே விடுதலையின் தொடக்கமாயிருக்கும்.